கோணிக்குள் இருந்த மிருகம்

ஆம்பூரில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பதினொரு ஜன்னல்கள். பதினொன்றையும் வைத்துக் கொடுத்தவர், தோல் பதனிடும் ஷாப்பு நடத்திய சாயபு முதலாளி. என் அப்பா அந்த ஷாப்பில் தோல் தரம் பிரிப்பவர். ஆகவே வகுப்பில் வீசும் காற்றும் வீட்டில் வேகும் சோறும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்பது ஒன்பது வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. இன்றும் ஜன்னலை எண்ணாமல் ஒரு கட்டடத்துக்குள் நுழைய என்னால் முடிவதில்லை.

எங்கள் இங்கிலீஷ் வாத்தியாருக்கு ஒரு பைத்தியம். இங்கிலீஷ்காரர்கள் பேச்சில் வழங்கும் சொற்றொடர்கள் எங்கே, எப்படிப் பிறந்தன என்று தேடித் தேடி நோட்டில் எழுதுவார். அறுபத்திரண்டு சேர்த்திருந்தார். இன்ஸ்பெக்டர் துரை வரும் நாளில் பையன்கள் ஆளுக்கொன்றின் பிறப்பைத் தமிழில் சொல்லவேண்டும் என்று ஏற்பாடு செய்து, தம் தலைப்பாகையைக் கழற்றி அதில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார். எனக்கு வந்தது 'பிக் இன் எ போக்', அதாவது கோணிக்குள் பன்றி.

கதை சுலபம். அந்தக் காலத்து இங்கிலீஷ் சந்தையில் பன்றிக்குட்டியைக் கோணியில் கட்டி விற்பார்கள். அப்படியே வாங்கிப் போனவன் வீட்டில் அவிழ்த்தால் உள்ளே பூனை இருக்கும். பார்க்காமல் வாங்காதே என்பது பொருள். என் கவலை பூனையைப் பற்றியல்ல. முதல் வரிசையில் சாயபு உட்கார்ந்திருப்பார். அவர் முகத்துக்கு நேரே எத்தனை தடவை பன்றி என்று சொல்லவேண்டியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். ஏழு தடவை.

சீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று பக்கத்துப் பையனைக் கேட்டேன். எட்டிப் பார்த்தான்.

"இன்னாது, பன்னியா? உங்கப்பா வேலை போச்சு, போ. எனக்கு எதுக்குடா இந்த பேஜாரு?"

வாத்தியாரிடம் சொல்லத் தைரியமில்லை. அப்பாவிடம் சொன்னால் அவரும் தூங்கமாட்டார். இந்தக் குணம் எனக்கு அவரிடமிருந்து வந்ததுதான்.

துரை வந்த அன்று எனக்கு முன்னால் எட்டுப் பேர் சொல்லி முடித்தார்கள். மேடைக்கு நாலு படி. மூன்றாவது படியில்தான் அந்த யோசனை வந்தது.

"அந்தக் காலத்து இங்கிலீஷ் சந்தையில் ஆட்டுக்குட்டியைக் கோணியில் கட்டி..." என்று தொடங்கி, ஆட்டுக்குட்டியை ஏழு தடவை சொன்னேன். மேலே நல்ல தோலும் நடுவே ஓட்டைத் தோலுமாகக் கட்டிக் கொண்டுவருகிறவர்களையும், கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்க்கிற அப்பாவையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டேன்.

வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். துரை தம் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதில் பன்றி இருந்தது.

"ஆடா?" என்று தமிழிலேயே கேட்டார்.

"ஆடுதான் சார்."

சாயபு தாடியைத் தடவினார். சீமைக்குத் தோல் அனுப்பி, இருபத்தாறு வருஷமாக இங்கிலீஷில் கடிதம் எழுதி வாங்குகிறவர்.

"ஆடுதான் துரை. நல்ல ஆடு," என்றார். "போய் உக்காரு பேட்டா."

துரை சிரித்துக்கொண்டே தாளில் ஏதோ அடித்து எழுதினார்.

மறுநாள் காலை முதலாளி அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். அப்போதுதான் நடந்ததை அப்பாவிடம் சொன்னேன். அவர் மேல்துண்டை இரண்டு தடவை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார். நான் வாசலில் நின்று தெருவில் போன மாட்டுவண்டிகளை எண்ணினேன். முப்பத்தெட்டாவது வண்டிக்குப் பின்னால் அப்பா வந்தார். சிரித்துக்கொண்டு வந்தார்.

"இன்னா சொன்னாரு?" என்றாள் அம்மா.

"'பத்து வருஷமா எனக்குக் கட்டைப் பிரிச்சுப் பாக்குற ஆளு நீ. உன் பையன் என் கண்ணு முன்னாடியே கோணியில இருந்ததை மாத்தி வித்துட்டான். தெரிஞ்சேதான் வாங்கினேன்'னாரு."

அம்மாவும் சிரித்தாள். வேலை போகவில்லை என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. அதுவே போதுமாயிருந்தது, அன்று மூன்று உருண்டை களி தின்றேன். முதலாளி சொன்னதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்கவும் தோன்றவில்லை. நான் கொடுத்தது ஆடுதானே, பூனை இல்லையே என்று மட்டும் கொஞ்சம் ரோஷமாக இருந்தது.