பின் சீட்டு இல்லாத வண்டி

நான் ஓட்டியிருக்கும் கார்களைச் சொன்னால் வாயைப் பிளப்பீர்கள். எண்ணூர் துறைமுகத்தில் ஏற்றுமதிக் கார்களைக் கப்பலுக்குள் ஓட்டிப்போய் நிறுத்துவதுதான் என் வேலை. யார்டிலிருந்து கப்பல் வரை ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. இருபதுக்கு மேல் முள் ஏறினால் சூப்பர்வைசர் காட்டுக் கத்தல் கத்துவார். எப்பேர்ப்பட்ட வண்டிக்கும் இருபதுதான். பக்கத்துச் சீட்டில் யாரும் உட்காரக் கூடாது, பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கக் கூடாது. எத்தனையோ வருஷம் அப்படித் தனியாகவே ஓட்டினேன்.

ஒரு சமயம் குட்டி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வர ஆரம்பித்தது. இரண்டே கதவு, தவளை மாதிரி பதுங்கி நிற்கும். அதில் பேஸ், டாப் என்று இரண்டு வகை. டாப்பில் டர்போ இஞ்சின். எடையைக் குறைக்கிறேன் பேர்வழி என்று பின் சீட்டையே பிடுங்கிவிட்டு, அங்கே ஒரு இரும்புக் கம்பியைக் குறுக்கே போட்டிருப்பார்கள். ஸ்டார்ட் செய்தால் தொடை அதிரும். எனக்கு அதன்மேல் பைத்தியமே பிடித்துவிட்டது.

திருவொற்றியூர் வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் கேட்பாள்: "நைனா, இன்னிக்கு பேஸா, டாப்பா?" அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அந்தக் காரின் படத்தைக் கட்டில் பக்கத்துச் சுவரில் ஒட்டிவைத்திருந்தாள். "நாம வாங்கினா இன்னா வாங்கலாம்?" என்பாள். "டாப்புதான். பேஸை எவன் வாங்குவான்?" என்று ஆரம்பித்து, சோறு ஆறுகிற வரை இஞ்சின் புராணம் பாடுவேன். அவளும் கூடவே குதிப்பாள்.

மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. மகளுக்குப் பெங்களூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். சாப்ட்டியா, மாத்திரை போட்டியா, சரி நைனா. அவ்வளவுதான். என் வேலையும் போன வருஷம் முடிந்தது. சாயங்காலம் டீக்கடையில் "ஒரு டீ" என்று சொல்வதுதான் அன்றைக்கு நான் பேசிய முதல் பேச்சாக இருக்கும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அவள் ஒரு தடவை வீட்டுக்கு வர வேண்டும் என்று ஏங்கிப்போயிருந்தேன்.

அப்போதுதான் மாதவரத்தில் பழைய கார் விற்கும் கடையில் அந்தக் காரைப் பார்த்தேன். ஒன்றல்ல, இரண்டு. சிவப்பு பேஸ், வெள்ளை டாப்.

"டாப்ப எடுண்ணே. பேஸு சும்மா பேருக்குத்தான் ஸ்போர்ட்ஸு," என்றார் கடைக்காரர்.

எண்ணூர் ரோட்டில் டிரெய்லர் வரிசைக்கு நடுவே இரண்டும் ஒரே மாதிரிதான் ஊரும். எனக்கா தெரியாது? இருந்தும் டாப்பே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து மகளுக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை இல்லையே, பதறிப்போய் எடுத்தாள்.

"இன்னா நைனா, ஒடம்புக்கு இன்னா?"

"ஒண்ணும் இல்ல கண்ணு. நம்ம வண்டி இங்க கீது. ஒனக்குப் புடிச்ச டாப்பு. வாங்கிடறேன். நீ வந்தின்னா பழவேற்காடு வரைக்கும் ஒரு ரவுண்டு போலாம்."

அவள் கேட்டாள்.

"நான் எப்ப டாப்புன்னு சொன்னேன்?"

"நீதான குதிப்ப..."

"பேஸு, பேஸுன்னுதான் குதிச்சேன். டாப்புல ரெண்டு சீட்டுதான நைனா? நீ ஓட்டுவ, அம்மா பக்கத்துல. நான் எங்க உக்கார்றது? நீ டாப்புன்னு சொல்ற ஒவ்வொரு தபாவும், என்ன வூட்ல வுட்டுட்டுப் போற மாரி இருக்கும். அழுதுகினே படுத்திருக்கேன். அம்மாவுக்குத் தெரியும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன். நீ இஞ்சினப் பத்தி பேசிகினு இருந்த."

மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. மாத்திரை போட்டியா என்று கேட்கிற அதே குரலில் சொன்னாள்.

கடைக்குள் திரும்பிப் போனேன். சிவப்பு வண்டியின் முன் சீட்டை மடக்கி, பின்னால் நுழைந்தேன்.

"அண்ணே, அது கொயந்தைங்க உக்கார்ற எடம். நீ எங்க பூர்ற?" என்று கடைக்காரர் சிரித்தார்.

முழங்கால் மார்பில் இடித்தது. தலை கூரையில் முட்டியது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்றால் தாராளமாக உட்காரலாம். எனக்கு முன்னால் இரண்டு சீட்டும் காலியாக இருந்தன.

"இதான் வேணும்," என்றேன்.