அக்கா மகனைக் குண்டாக்கிய டிவி

ரிமோட்டில் ஒரே ஒரு பட்டன். அதனால் ஒரு கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பென்னாகரத்தில் என் அக்கா வீட்டுக்கு, அரூர் பக்கமிருந்து பெண் வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். எங்கள் பக்கம் அப்படித்தான். மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் அவன் வீட்டைப் பார்த்துவிடுவார்கள். போர்வெல்லில் தண்ணீர் வருகிறதா, பாத்ரூம் உள்ளேயா வெளியேயா, மாமியார் முகம் எப்படி... எல்லாம் ஒரு ரவுண்டு. மாப்பிள்ளை, அதாவது அக்கா மகன், புனேயில் வேலை பார்க்கிறான். அடுத்த மாதம்தான் லீவு. அதுவரை போட்டோ மட்டும்.

இந்த விசிட்டுக்காகவே அக்கா ஐம்பத்தைந்து இன்ச்சில் எச்டி டிவி வாங்கி ஹாலில் மாட்டியிருந்தாள். அது சும்மா கறுப்பாகக் கிடந்தால் வாங்கி என்ன புண்ணியம்? மகன் போன தடவை ஊருக்கு வந்தபோது கோயில் திருவிழாவில் அன்னதானம் பரிமாறியதை உள்ளூர் கேபிள் சேனல் எடுத்திருந்தது. கேபிள்காரர் தெரிந்தவர். பெண் வீட்டார் வருகிற நேரத்துக்கு அதை மறுபடி போடச் சொல்லி ஏற்பாடும் செய்துவிட்டாள். கெட்டிக்காரி!

நான் காலையிலேயே போய்விட்டேன். தாய்மாமன் இல்லாமல் என்ன பேச்சு? உள்ளே நுழைந்து டிவியைப் பார்த்ததும் பகீரென்றது. உள்ளூர் செய்தி வாசிக்கிற பெண்ணின் முகம் பூசணிக்காய் மாதிரி இருந்தது.

விஷயம் இதுதான். டிவி எச்டி. ஆனால் வீட்டிலிருந்த கேபிள் பாக்ஸ் பழசு, அந்த சேனலும் சாதா. சாதாப் படத்தில் ஐந்நூற்றுச் சொச்சம் கோடுகள்; முழு எச்டிக்கு ஆயிரத்து எண்பது. ஒரு தோசை மாவை இரண்டு தோசைக்கு இழுத்தால் எப்படி இருக்கும்? போகட்டும், வடிவமாவது ஒன்றா என்றால் அதுவும் இல்லை. பழைய படம் நாலுக்கு மூன்று, கிட்டத்தட்ட சதுரம். புது டிவி பதினாறுக்கு ஒன்பது, நல்ல அகலம். சதுரப் படத்தை அதில் அப்படியே போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். அதுதான் நியாயமான படம். பட்டை வேண்டாமென்று ரிமோட்டில் இழுத்துவிட்டால் ஆட்கள் எல்லாரும் பக்கவாட்டில் வீங்கிவிடுவார்கள்.

இதை அக்காவிடம் ஒரு தடவையா சொன்னேன்? டிவி, பாக்ஸ், சேனல் மூன்றும் எச்டியாக இருந்தால்தான் எச்டி என்றேன். அட்டைப்பெட்டியிலேயே எச்டி என்று போட்டிருக்கிறதே என்றாள். நான் பட்டை வைத்தேன். அவள் ரிமோட்டைப் பிடுங்கி ஃபுல் ஸ்க்ரீன் ஆக்கினாள். அவள் வீட்டுக்காரர் — என் மாமா — முறுக்கைக் கடித்தபடி, டிவி முழுக்கப் படம் வந்தால்தான் டிவி என்று தீர்ப்பு வழங்கினார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"உம் பையன் குண்டாத் தெரிவான்க்கா" என்றேன்.

"குண்டாத் தெரிஞ்சா வசதியான வூடுன்னு நெனப்பாங்க. பட்டை தெரிஞ்சா புது டிவியே ரிப்பேருன்னு நெனப்பாங்க. நீ கம்முனு இரு."

நம் ஆட்களுக்கு எதுவும் நிறைவாகத் தெரிய வேண்டும். சரியாகத் தெரிகிறதா என்பதெல்லாம் அப்புறம்.

வந்தார்கள். காபி, மைசூர்பாகு, முறுக்கு. திரையில் மருமகனும் வந்தான், சாம்பார் வாளியோடு. அடேயப்பா! வாளி அண்டா சைசில் இருந்தது. அவனும் அதற்குத் தக்கபடி. கழுத்து என்ற ஒன்றே இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். அக்காவுக்கோ பெருமை தாங்கவில்லை.

பெண்ணின் அம்மா கையிலிருந்த மைசூர்பாகைத் தட்டிலேயே வைத்துவிட்டார். பெண்ணின் அப்பா போனை எடுத்துப் பையனின் போட்டோவைத் திறந்தார். அதைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார்.

"போட்டோ பழசுங்களா?" என்றார்.

மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் எங்களை ஏமாற்றுகிறீர்களா என்று கேட்டதாகவே எல்லாருக்கும் காதில் விழுந்தது. அக்கா முகம் வெளிறிவிட்டது. வருஷக்கணக்கில் அலைந்து, ஜாதகம் பொருந்தி, மனசுக்கும் பிடித்து அமைந்த ஒரே இடம் இது. பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. படித்துப் படித்துச் சொன்னேனே!

நல்லவேளை, திரையில் மருமகனுக்குப் பக்கத்தில் மாமாவும் சாதம் போட்டுக்கொண்டிருந்தார். ரிமோட்டை எடுத்தேன்.

"பையனை விடுங்க. எங்க மாமாவப் பாருங்க. டிவியிலயும் பாருங்க, சேர்லயும் பாருங்க."

பட்டனை அமுக்கினேன். மாமா இளைத்தார். மறுபடி அமுக்கினேன். மாமா வீங்கினார். சேரிலிருந்த நிஜ மாமா, வாயில் பாதி முறுக்கோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார். எது அசல் என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பெண்ணின் அம்மாதான் முதலில் சிரித்தார். பட்டை போட்டு நிறுத்தினேன். போட்டோவிலிருந்த அதே பையன், அளவான வாளியோடு, பரிமாறிக்கொண்டு போனான்.

அதற்கப்புறம் மளமளவென்று பேச்சு முடிந்தது. தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் உள்ளுக்குள் ஒரு மிதப்பு.

காரில் ஏறப்போன பெண்ணின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா பக்கத்திலேயே நின்றாள்.

"பையன் மேல ஒரு குறையும் இல்லீங்க. டிவிதான் ரெண்டு பக்கமும் கறுப்பாப் போயிடுச்சு போல. கல்யாணத்துக்கு நாங்க நல்லதா ஒண்ணு வாங்கித் தந்துர்றோம்."

அக்கா அதிலிருந்து என்னோடு பேசவில்லை. கல்யாணம் உறுதி. பத்திரிகையில் தாய்மாமன் பெயரைப் போடுவாளா என்பதுதான் தெரியவில்லை!