ஜென்சி சொல்லாதது

புரோக்கர் சனிக்கிழமை காலையில் வருவதாக ஆபேல் சொன்னது புதன்கிழமை. இடையில் இருந்த நாட்களுக்குள் ஜென்சி வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொன்னால் வண்டி வீட்டோடு இருக்கும். சொல்லாவிட்டால் போய்விடும். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

வண்டி என்றால் அவள் கணவன் ஆபேல் ஓட்டும் கால் டாக்சி. பதினோரு வருடத்து வண்டி; அவர்கள் வாழ்வதே அதை வைத்துத்தான். கடப்பேரியில் அவர்கள் குடியிருந்த சந்துக்குள் அதைத் திருப்பி நிறுத்த ஆபேலைத் தவிர வேறு யாராலும் முடியாது. ஜூன் மாதத்திலிருந்து அதற்கு ஒரு கேடு வந்திருந்தது. ஓடும்போது ஒழுங்காக ஓடும். சிக்னலில் நின்றால் இன்ஜின் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும், கடைசியில் ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு அணைந்துபோகும். ஏர்போர்ட்டுக்குப் போகிறவர்கள் பாதி வழியில் பெட்டியை இறக்கிக்கொண்டு வேறு வண்டி பிடித்தார்கள். சவாரி குறைந்தது.

இரும்புலியூரில் ஷெட் வைத்திருந்த வேதாசலம் நல்ல மெக்கானிக்தான். பிளக் மாற்றினார். காயில் மாற்றினார். கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்து, காற்று அதிகம், பெட்ரோல் கம்மி என்று காட்டுவதாகச் சொல்லி ஒரு சென்சாரையும் மாற்றினார். ஆனால் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. வண்டியை முந்தின நாள் சாயங்காலமே விட்டுவிட வேண்டும். காலையில் கை சுடாமல் வேலை பார்ப்பார். ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜின் காலையில் சாதுவாக ஓடும். சரியாகிவிட்டது என்று சாவியைக் கொடுப்பார். மத்தியானம் பல்லாவரம் தாண்டுவதற்குள் மறுபடி நின்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்குப் போகும்போது ஜென்சி முன்சீட்டில் உட்கார்ந்து இதைக் கவனித்துக்கொண்டு வந்தாள். போகும்போது நிற்பதில்லை. திரும்பும்போது, இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகுதான் நின்றது. நிற்பதற்கு முன் பானெட்டுக்குப் பின்னால் மெல்லிய சத்தம் ஒன்று வந்தது, பல்லிடுக்கில் காற்றை இழுப்பதுபோல. அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. எங்கேயோ ரப்பர் ஓஸ் வெடித்திருக்கிறது. அதன் வழியாகக் காற்று உள்ளே போகிறது.

எட்டாவதோடு படிப்பை விட்ட ஜென்சி, கல்யாணத்துக்கு முன் மறைமலை நகரில் ரப்பர் ஓஸ் செய்யும் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருடம் செக்கிங்கில் இருந்தாள். ஓஸை வளைத்து, மடிப்பின் உள்பக்கமாகக் கட்டைவிரலை ஓட்ட வேண்டும். வெடிப்பு அங்கேதான் ஒளிந்துகொண்டிருக்கும். ஆறிக் கிடக்கும்போது ஒன்றும் தெரியாது. சூடானால் வாயைத் திறக்கும். ஒருநாள் அவள் ஒரு டிரே முழுவதையும் தள்ளிவைத்தாள். புது சூப்பர்வைசர் எல்லாப் பெண்களுக்கும் முன்னால் குறைகளுக்கு நம்பர் போட்டிருந்த ஓர் இங்கிலீஷ் தாளை அவள் கையில் கொடுத்து, இது எந்த நம்பர் குறை என்று வாசிக்கச் சொன்னார். விரலுக்குத் தெரிகிறது சார் என்றாள். சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆனது. அடுத்த வாரமே வேலையை விட்டுவிட்டாள். ஆபேலிடம், கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்ததாக மட்டும் சொல்லியிருந்தாள்.

ஜூலையில் ஒருமுறை, ஷெட்டில் வைத்து, எப்படியோ தைரியம் வந்து சொல்லிப் பார்த்தாள். "பின்னாடி ஒரு சத்தம் கேக்குதுங்க."

வேதாசலம் அக்கறையாகத்தான் கேட்டார். "எந்தப் பக்கம்மா? ஹெட் பக்கமா, மேனிஃபோல்டு பக்கமா?"

அவளுக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. கையில் மறுபடி அந்தத் தாளைக் கொடுத்ததுபோல் இருந்தது. தெரியவில்லை என்றாள்.

"பின்னாடி வர்றவன் ஹார்ன் அடிச்சிருப்பாண்ணே," என்றான் ஆபேல். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

புதன் ராத்திரி சோறு வடிக்கும்போது அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வியாழன் அவன் களைத்துப்போய் வந்து அப்படியே படுத்துவிட்டான். வெள்ளி சாயங்காலம் வண்டியைக் கழுவித் துடைத்துவிட்டு, உள்ளே ஏறி ஸ்டியரிங்கில் கைவைத்துச் சும்மா உட்கார்ந்திருந்தான். ஜென்சி கிட்டே போய் நின்றாள். அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"சாப்பிட வாங்க," என்றாள்.

சனிக்கிழமை புரோக்கர் ஜீவானந்தம் வந்தார். ஆபேலை ஓட்டச் சொல்லி ஒரு சுற்று போய்ப் பார்த்துவிட்டு வந்து, இன்ஜின் போய்விட்டது, பார்ட்டுக்குப் பிரிக்கத்தான் ஆகும் என்று அதற்குத் தகுந்த விலை சொன்னார். ஆபேல் பேரம்கூடப் பேசவில்லை. கையெழுத்து போட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு ஆர்.சி. புக்கைக் கொடுத்தான். ஜென்சி டீ கொண்டுவந்தபோது பானெட் திறந்திருந்தது. இன்ஜின் ஏறி இறங்கித் திணறிக்கொண்டிருந்தது. "செத்த வண்டி," என்று அதைத் தட்டிச் சொன்னார் ஜீவானந்தம்.

டம்ளர்களைத் தரையில் வைத்துவிட்டு ஜென்சி குனிந்து இன்ஜினுக்குப் பின்னால் கையை விட்டாள். வளைந்து போகும் ஓஸின் உள்மடிப்பில் கட்டைவிரல் வெடிப்பைத் தொட்டது. அழுத்திப் பிடித்தாள். இன்ஜின் அடங்கி, புது வண்டிபோல ஒரே சீராக ஓடியது.

"கையை எடும்மா, சுட்டுக்கப் போற," என்றார் ஜீவானந்தம். எடுத்தாள். வண்டி நின்றது.

வேண்டாம், விற்கவில்லை என்று ஆபேல் ஆர்.சி. புக்குக்குக் கை நீட்டினான். அவர் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

"தம்பி, வித்தது நீ. வியாதி இன்னான்னு கண்டுபிடிச்சது வூட்டுக்காரம்மா. நடுவுல நான் இன்னா பண்ணேன்?"

சந்திலிருந்து வெளியே எடுக்க அவருக்கு வரவில்லை. ஆபேல்தான் ரிவர்ஸ் எடுத்துக் கொடுத்தான்.

திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்தான். கத்துவான் என்று அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ஜூலைலேர்ந்து."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"எந்தப் பக்கம்னு கேட்டாங்க. பேரு தெரியல."

"பேரு எதுக்கு ஜென்சி? கையைக் காட்டியிருந்தா போதுமே."

இப்போது அவன் நாவலூரில் ஒரு வீட்டுக்கு டிரைவராக இருக்கிறான். அங்கேயே தங்கல், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவான். சர்ச்சுக்கு நடந்தே போகிறார்கள். வழியில் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டு, அவள் ஏதாவது சொல்ல வருகிறாளா என்று முகத்தைப் பார்க்கிறான். முன்பெல்லாம் அவன் அப்படிப் பார்த்ததில்லை. ஜென்சிக்குத்தான் இப்போது சொல்ல ஒன்றும் இருப்பதில்லை.