மும்தாஜ் அடித்த நாலாவது கோல்

போன வாரம் குற்றாலத்தில் சண்டை போட்டுவிட்டு வந்தேன். ஒருவரோடு இல்லை, ஐந்து பேரோடு. லாட்ஜ் வராந்தாவில், சாரல் முகத்தில் அடிக்க அடிக்க, பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழுந்து நின்று போட்ட சண்டை.

சண்டை போடவா போனேன்? சீசனுக்குக் குற்றாலம் போகிறவர்கள் எல்லோரையும்போல குளிக்க, பரோட்டா சாப்பிட, ரம்புட்டான் வாங்கத்தான் போனேன். அன்று பார்த்து ஐந்தருவியில் தண்ணீர் அதிகம் என்று குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். தலையில் தேய்த்த எண்ணெயோடு சும்மா உட்கார்ந்திருக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? பேசுவார்கள். எங்கள் கூட்டத்தில் எந்தப் பேச்சும் கடைசியில் ஹாக்கிக்குத்தான் வந்து நிற்கும்.

எங்கள் கூட்டம் என்பது, தென்காசிப் பக்கம் ஏதோ ஒரு காலத்தில் ஹாக்கி மட்டை பிடித்தவர்களின் வாட்ஸ்அப் குழு. வந்திருந்தவர்கள் ஆறு பேர். ஐந்து ஆண்கள், அப்புறம் நான். (ஆமாம், வாரா வாரம் உங்களிடம் வம்பளக்கும் நான் பள்ளிக்கூடத்தில் லெஃப்ட் விங் ஆடியவள். இப்போது இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பது வேறு விஷயம்.)

எங்களில் இளையவன் கார்த்திக். சாஃப்ட்வேர் வேலை. கோவில்பட்டி செயற்கைப் புல் மைதானத்தில் ஆடிப் பழகியவன். அவன்தான் லேப்டாப்பைத் திறந்தான்.

"அக்கா, ஒரு ஆல்-டைம் டிராஃப்ட் போடுவோமா?"

விஷயம் இதுதான். எங்கள் பக்கத்தில் ஆடியவர்களில் எந்தக் காலத்து ஆட்டக்காரராக இருந்தாலும் சரி, சீட்டுக் குலுக்கி வரிசைப்படி ஆளுக்கொருவராகத் தேர்ந்தெடுத்துக்கொண்டே வர வேண்டும். ஒருவர் எடுத்தவரை இன்னொருவர் எடுக்க முடியாது. ஆளுக்கு ஐந்து ஃபார்வர்ட்கள். யாருடைய ஐவரின் கோல் மதிப்பு அதிகமோ அவருக்கு வெற்றி. கடைசியாக வருகிறவர் எல்லோருக்கும் பரோட்டா வாங்கித் தர வேண்டும்.

கோல் கணக்குக்கு எங்கே போவது? அதற்குத்தான் சண்முகையா அண்ணாச்சி இருக்கிறாரே! மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய ஆட்டக்காரர். எங்கள் ஊர் டோர்னமென்ட்டுகளுக்கு வருடக்கணக்காக ஸ்கோர் எழுதியவர். காலிகோ அட்டை போட்ட நீள நோட்டை மஞ்சள் பைக்குள் வைத்து எங்கே போனாலும் கொண்டுவருவார். மனைவியைக்கூட அவ்வளவு பத்திரமாக அழைத்துப் போக மாட்டார்.

நோட்டு வந்ததும் காலத்துக்கும் காலத்துக்கும் மோதல் ஆரம்பித்தது.

"நாங்க ஆடுனது சரளை மண்ணுலலே. பந்து ஒரு கல்லுல பட்டா முழங்காலுக்கு வரும், இன்னொரு கல்லுல பட்டா மூஞ்சிக்கு வரும். நீங்க கார்ப்பெட்டுல ஆடுதீங்க. உன் மூணு கோலும் எங்க ஒரு கோலும் சமம்" என்றார் அண்ணாச்சி.

"அதுசரி அண்ணாச்சி… உங்க காலத்து கீப்பருக்கு ஹெல்மெட்டே கிடையாதே. நீங்க ஓங்கி அடிச்சா அவன்தான் ஒதுங்கிக்கிடுவான். அதையும் கழிக்கணும்லா?" என்றான் கார்த்திக்.

"அப்போ ஆஃப்சைடு இருந்துச்சு. உங்களுக்கு அதுவும் இல்ல. கோல் வாசல்லயே பாய் போட்டுப் படுத்துக்கிடுதீங்க."

கார்த்திக் நல்ல பையன். எல்லாவற்றையும் எக்செல்லில் ஏற்றினான். சரளை மண்ணுக்கு போனஸ். ஹெல்மெட் இல்லாத கீப்பருக்குக் கழிவு. ஆஃப்சைடு காலத்துக்குச் சலுகை. பெனால்ட்டி கார்னரில் அடித்த கோலுக்குப் பாதி மதிப்பு. எழுபது நிமிட ஆட்டத்தையும் அறுபது நிமிட ஆட்டத்தையும் நேராக்க ஒரு ஃபார்முலா. எவ்வளவு நியாயம் பாருங்கள்! நானே கைதட்டினேன்.

சீட்டுக் குலுக்கினார்கள். முதல் சீட்டு எனக்கு.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நோட்டிலேயே அதிக கோல் அடித்த சென்டர் ஃபார்வர்டைத்தான் நான் எடுப்பேன் என்று அத்தனை பேருக்கும் தெரியும். நான் சொன்னேன்: "மும்தாஜ்."

"எந்த மும்தாஜ்?" என்றான் கார்த்திக்.

எந்த மும்தாஜா! உங்களுக்கும் சொல்கிறேன். என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள். எங்கள் பள்ளி டீமின் சென்டர் ஃபார்வர்ட். நான் விங்கிலிருந்து பந்தை உள்ளே தள்ள வேண்டியதுதான் – மீதியை அவள் பார்த்துக்கொள்வாள். இப்போது கடையநல்லூரில் பர்தா தைக்கும் யூனிட் நடத்துகிறாள். எட்டுப் பெண்களுக்கு வேலை கொடுக்கிறாள்.

நான் குற்றாலம் கிளம்புகிற அன்று காலையில் போன் செய்திருந்தாள்.

"ஏட்டி செல்வி, அந்த அண்ணாச்சி நோட்டுல எம் பேரு இருக்கான்னு பாத்துட்டு வா. எம் மவ காலேஜ் டீம்ல ஆடுதா. நானும் ஆடுனவதான்னா நம்ப மாட்டேங்கா. தையல் மிஷின்ல உக்காந்துக்கிட்டு கதை விடுதியேம்மான்னு சிரிக்கா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் இரண்டு தடவை சொன்னாள். மும்தாஜ் எதையும் இரண்டு தடவை சொல்கிற ஆள் இல்லை.

கார்த்திக் தட்டினான். திரையில் கட்டம் சிவப்பாகிவிட்டது.

"எடுக்க மாட்டேங்குது அக்கா. மினிமம் இருபது மேட்ச் ஆடியிருக்கணும். மும்தாஜ் அக்கா எத்தனை ஆடுனாங்க?"

"நாலு."

"நாலா!" என்று யாரோ சிரித்தார்கள். யார் என்று எனக்குத் தெரியும். பெயரைச் சொல்லவில்லை. பிழைத்துப் போகட்டும்.

ஏன் நாலு? அவளுக்குக் கால் வலித்ததா? படிப்பு வந்து தடுத்ததா? ஒன்றும் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்களுக்குக் கிடைத்ததே அவ்வளவுதான். ஆண்கள் டோர்னமென்ட்டின் பைனலுக்கு முன்னால் கூட்டம் சேரும்வரை மைதானம் சும்மா கிடக்கக் கூடாதே என்று பெண்களை இறக்கிவிடுவார்கள். அதற்குப் பெயர் காட்சிப் போட்டி. நாலாவது தடவைக்குப் பிறகு அதுவும் கிடையாது. 'ஆண்களுக்கே நேரம் போதவில்லை' என்றார்கள்.

நோட்டை வாங்கிப் புரட்டினேன். நாலு வருடம், நாலு பக்கம், நாலிலும் ஒரே வரி: 'பெண்கள் காட்சிப் போட்டி நடைபெற்றது.' யார் ஆடினார்கள்? யார் ஜெயித்தார்கள்? யார் கோல் அடித்தார்கள்? ஒரு எழுத்து இல்லை. அதற்கு அடுத்த வரியில் சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தியது இருந்தது. பொன்னாடை பச்சை நிறமாம்!

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ… எழுந்து நின்றுவிட்டேன்.

"கல்லுக்குப் போனஸ் குடுத்தே. ஹெல்மெட்டுக்குக் கழிச்சே. ஆட விடாததுக்கு உன் எக்செல்ல கட்டம் எங்கலே இருக்கு?"

"அக்கா, டேட்டா இல்லாம…"

"டேட்டா ஏன் இல்லன்னு கேளு. உன்னைக் கேக்கல. அண்ணாச்சியைக் கேளு."

அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காட்சிப் போட்டிதானம்மா செல்வி. அதுக்கெல்லாம் யாரு ஸ்கோர் எழுதுவா?"

நான் அவர் சட்டைப்பையிலிருந்த பேனாவை உருவினேன். எழுபது வயது மனிதரின் பையில் கை விட்டது தப்புத்தான். அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த நாலாவது பக்கத்தில், 'நடைபெற்றது' என்பதற்குக் கீழே இருந்த இடைவெளியில் எழுதினேன்: 'சென்டர் ஃபார்வர்ட் மும்தாஜ், மூன்று கோல்.'

"ஏம்மா, ஏம்மா… பழைய நோட்டும்மா! அதுல கை வைக்காதே" என்று அண்ணாச்சி பதறி எட்டிப் பார்த்தார். பார்த்தவர், பழக்க தோஷம், ஸ்கோர் எழுதியே பழகிய மனிதர் அல்லவா, விரலை வைத்துச் சொன்னார்:

"மூணு இல்ல. நாலு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மேட்ச்சில் மும்தாஜ் நாலாவதாக ஒரு பந்தை உள்ளே அடித்தாள். அதே நேரத்தில் விசில் ஊதி எங்களை வெளியே போகச் சொன்னார்கள். விசிலுக்குப் பிறகுதான் பந்து உள்ளே போனது என்று நான் இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். மும்தாஜ் மட்டும் நாலு நாலு என்று சாதிப்பாள். 'சரிட்டி, மூணரைன்னு வச்சுக்க' என்று அவளைக் கேலி செய்திருக்கிறேன்.

"விசிலுக்கு அப்புறம்லா போச்சு?" என்றேன்.

"இல்லம்மா. பந்து உள்ள போனப்புறம்தான் ஊதுனேன்."

"நீங்களா ஊதுனீங்க?"

"அன்னைக்கு அம்பயரும் நான்தானே. சீஃப் கெஸ்ட் கார் கேட்டுக்குள்ள வந்துட்டு. மேட்ச்ச நிறுத்தச் சொல்லி கமிட்டில கையைக் காட்டுனாங்க. அந்தப் புள்ள கோலுக்கு முன்னால 'டி' வளைவுக்குள்ள பந்தோட நிக்கு. அடிச்சு முடிக்கட்டுமேன்னு ஒரு நிமிசம் பாத்தேன். அடிச்சா. போர்டுல சத்தம் கேட்டுச்சு. அப்புறம்தான் ஊதுனேன்."

பலகையில் பந்து மோதிய சத்தம்வரை அந்த மனிதருக்கு ஞாபகம் இருக்கிறது!

"அப்போ ஏன் அண்ணாச்சி எழுதல?"

"எழுதணும்னு தோணலம்மா" என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அவர் ஏதாவது சாக்குச் சொல்லியிருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் கத்தியிருப்பேன். இந்தப் பதிலுக்கு எப்படிக் கத்துவது? வில்லன் யாரும் இல்லை. கெட்ட எண்ணம் கிடையாது. ஆட்டத்தை ரசித்துப் பார்த்த மனிதர்தான், ஒரு கோலுக்காக விசிலையே நிறுத்திவைத்த மனிதர்தான், எழுதத் தோன்றவில்லை என்கிறார். பெண்களின் எத்தனையோ விஷயங்கள் இப்படித்தான் காணாமல் போயிருக்கின்றன. யாரும் அழிக்கவில்லை. எழுதத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அப்புறம் ஒரு நாள் லேப்டாப் திறந்து, 'நீங்க அதிகம் ஆடலையே அக்கா' என்பார்கள்.

நான் 'மூன்று' என்பதை அடித்துவிட்டு 'நான்கு' என்று எழுதினேன். அண்ணாச்சி பேனாவை வாங்கினார். எங்கே அடித்துவிடப் போகிறாரோ என்று நோட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அவர் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். கீழே 'அம்பயர்' என்று எழுதினார்.

கார்த்திக்கின் எக்செல் அதற்கெல்லாம் மசியவில்லை. இருபது மேட்ச் இருந்தால்தான் கட்டம் பச்சையாகுமாம். "வேற யாரையாச்சும் எடுங்கக்கா, ஃபர்ஸ்ட் பிக்கை வீணாக்காதீங்க" என்று கெஞ்சினான். மாட்டேன் என்றேன். சிவப்புக் கட்டம் சிவப்பாகவே இருக்கட்டும். மீதி நாலு பேரை எடுத்துக்கொண்டு ஆடினேன்.

கடைசி இடம்! வேறு என்ன வரும்? ஐந்து பேருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். சிரித்த ஆள் நாலு பரோட்டா கூடுதலாகத் தின்றார். தின்னட்டும். இன்னொரு முறை டிராஃப்ட் போட்டாலும் முதல் சீட்டு மும்தாஜுக்குத்தான். அடுத்த சீசனுக்கும் அவளுக்குத்தான்.

நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து மும்தாஜுக்கு அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. அரை மணி நேரம் கழித்து போன் வந்தது. பின்னால் தையல் மிஷின் ஒன்றும் ஓடவில்லை. அவள் மகளின் குரல் மட்டும் கேட்டது: "நாலாம்மா? ஒரே மேட்ச்லயா?"

அப்புறம் மும்தாஜ் லைனில் வந்தாள். அழுதிருப்பாள் போலிருந்தது. கேட்டால் இல்லை என்பாள் என்று கேட்கவில்லை.

"ஏட்டி செல்வி."

"சொல்லுட்டி."

"அந்த நாலாவது கோலுக்கு நீ போட்ட பாஸ் எனக்குப் பின்னால போச்சு. நான்தான் திரும்பி இழுத்து அடிச்சேன். அதையும் எழுது."

எழுதிவிட்டேன் தாயே, லட்சம் பேர் படிக்கிற பத்திரிகையிலேயே எழுதிவிட்டேன். போதுமாட்டி?