இலையை விட்டு எழுந்தவள்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஓர் ஆவணி மாதத்தில் நடந்தது இது. பெங்களூரில், ஜீவனஹள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். என் கணவருடைய சித்தி மகளுக்குக் கல்யாணம். காலையில் முகூர்த்தம் முடிந்து, பதினொன்றரைக்கெல்லாம் முதல் பந்திக்கு இலை போட்டுவிட்டார்கள். அந்தப் பந்தியில் நான் செய்த காரியத்தை இன்றைக்கு நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றும்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பதினாலு வயதிலிருந்து எனக்குச் சர்க்கரை நோய். மாத்திரைக்கு அடங்காத வகை, இன்சுலின் இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது. பல வருஷம் ஊசி போட்டுக்கொண்டேன். பிறகு பம்ப் வந்தது. இரண்டு தீப்பெட்டியைச் சேர்த்து வைத்த அளவில் ஒரு மெஷின், அதிலிருந்து வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய். சாப்பிடுவதற்குக் கால் மணி நேரம் முன்னால், என்ன சாப்பிடப் போகிறோம் என்று கணக்குப் போட்டுப் பட்டனை அமுக்கினால், அதற்குத் தேவையான இன்சுலின் உள்ளே போய்விடும். இதில் ஒரே ஒரு சட்டம்தான். அமுக்கிவிட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை இறங்கி ஆள் மயங்கிவிடும்.

இடுப்பில் மெஷினோடு ஊருக்குள் நடமாடுவது லேசான விஷயம் இல்லை. பீன்யாவில் நான் வேலை செய்யும் கம்பெனியில் கேட்டால் 'எத்தனை அடி நடக்கிறேன்னு காட்டும்' என்பேன். மெட்ரோ வாசலில் சோதனைக்குத் தடவிப் பார்க்கும் பெண்ணிடம் மட்டும் உண்மையைச் சொல்லுவேன், அதுவும் அவள் காதோடு. சொந்தக்காரர்கள் விசேஷம் என்றால் புடவைக்குள் உள்பாவாடை நாடாவில் சொருகி, மேலே மடிப்பைப் போட்டு மறைத்துவிடுவேன். யாராவது கை பட்டுக் கேட்டால் சாவிக்கொத்து என்று சொல்லிவிடுவேன்.

இவ்வளவு மறைப்பதற்குக் காரணம் இருந்தது. கல்யாணமாகி அப்போது ஆறு வருஷம் ஆகியும் எனக்குக் குழந்தை இல்லை. சர்க்கரை கட்டுக்குள் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று டாக்டர் தள்ளிக்கொண்டே போனார். வீட்டு ஆட்களுக்கு மட்டும்தான் என் நோய் தெரியும். கணவருடைய சொந்தபந்தத்துக்குத் தெரிந்தால், 'சுகர்க்காரியைக் கட்டிக்கிட்டு வந்தான், அதான் வீட்ல தொட்டில் ஆடலை' என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். அந்த வாக்கியம் மட்டும் என் காதில் விழக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை பொய்யும்.

இப்போது என் ஓரகத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொழுந்தனாரின் மனைவி, என்னைவிட நாலு வயது சின்னவள். ஜீவனஹள்ளியிலேயே சின்னதாக ஒரு பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். ஒளிப்பானேன், அவள் மேல் எனக்கு அப்படி ஒரு பொறாமை. வந்த மறுவருஷமே பெண் குழந்தை பெற்றாள். மூணு ஜாங்கிரி தின்றுவிட்டு நாலாவதுக்குக் கை நீட்டுவாள். வயிற்றில் குழாய் இல்லாமல் குப்புறப் படுத்துத் தூங்குவாள், அதைப் பார்த்தால்கூட எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் 'அக்கா, அக்கா' என்று வருவாள், நான் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பிவிடுவேன். அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

கல்யாணத்தன்று காலையில் அந்த எரிச்சலுக்கு நெய் வார்த்தது மாமியாருடைய ஒட்டியாணம். வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசியது, சிவப்புக் கல் வைத்தது. கணவர் வீட்டில், விசேஷத்துக்கு அதை மூத்த மருமகள்தான் போட வேண்டும் என்று பழக்கம். பம்ப் வைப்பதற்கு முன்னால் இரண்டு கல்யாணத்துக்குப் போட்டிருக்கிறேன். அன்று மாமியார் பெட்டியைத் திறந்து, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அதை எடுத்து ஓரகத்தி கையில் கொடுத்தார்.

"உனக்கு அங்க மெஷின் இருக்குதேம்மா. அமுக்கும். இவ போட்டுக்கட்டும், என்ன?"

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. தப்பு இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். "அக்கா, நீங்களே போட்டுக்கங்க, நான் மெஷின் மேல படாம லூசா கட்டி வுடறேன்" என்றாள் அவள். "எனக்கு வேணாம், உனக்குத்தான் எடுப்பா இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மண்டப வாசலில் சந்தனம், குங்குமம், கல்கண்டுத் தட்டோடு பெண்கள் நின்றிருந்தார்கள். கல்கண்டை வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் எப்போதும் போல எடுத்து, வாயில் போடுவதுபோல் கொண்டுபோய், பக்கத்தில் இருந்த பூந்தொட்டியில் நழுவவிட்டேன். பின்னால் வந்த ஓரகத்தி அதைப் பார்த்தாள்.

முதல் பந்திக்கு எங்கள் வீட்டு ஆட்களுக்கு ஒரு வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழையும்போதே சாதம், வடை, பாதுஷா, பாயசம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு மெஷினை அமுக்கிவிட்டேன். கொஞ்சம் தாராளமாகவே. இன்றைக்கு அவள் தின்கிற அத்தனையும் நானும் தின்பேன் என்று ஒரு வீம்பு.

மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தேன். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பும் ஊறுகாயும் வைத்தாயிற்று. அப்போது போட்டோகாரர் வந்தார்.

"நீ கொஞ்சம் அந்தப் பக்கம் நகந்துக்கம்மா. சின்னவ இங்க வரட்டும். ஒட்டியாணம் நல்லா வுழும்" என்றார் மாமியார்.

எனக்குச் சுருக்கென்றது. "எனக்குப் பசிக்கல அத்தை. அடுத்த பந்தியில உக்காந்துக்கறேன்" என்று எழுந்துவிட்டேன். "இலை போட்டப்புறம் எழுந்திருக்காதம்மா" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது, விழாத மாதிரி நடந்தேன். நான் நாலு அடி வைப்பதற்குள், என் நாற்காலிக்குப் பின்னால் காத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என் இலையில் உட்கார்ந்து ஊறுகாயைத் தொட்டு நக்கிக்கொண்டிருந்தார்.

கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் போய் உட்கார்ந்து அவளை முறைத்துக்கொண்டிருந்தேன். அவள் இலையில் என்னென்ன விழுகிறது, மாமியார் தன் வடையை எடுத்து அவளுக்கு வைக்கிறாரா, ஒட்டியாணக் கல் எப்படி மின்னுகிறது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் பார்த்தேன். ஒரு கால் மணி நேரம் போன பிறகுதான் திக்கென்றது. நான் அமுக்கிவிட்டேனே!

அப்போதாவது எழுந்து ஒரு ஸ்வீட் கேட்டிருக்கலாம். பரிமாறுகிறவர்கள் பாத்திரத்தோடு என்னைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தார்கள். பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தவள் எந்த முகத்தோடு கேட்பது? குளுக்கோஸ் மாத்திரை என் கைப்பையில் இருந்தது. கைப்பை கணவருடைய காரில் இருந்தது. அவர் கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு யாரையோ அழைத்துவரப் போயிருந்தார். பந்தி இதோ முடிந்துவிடும், அடுத்த பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்துவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பந்தியோ முடிகிற வழியாக இல்லை. ரசத்துக்கு வருவதற்குள் போட்டோகாரர் எல்லோரையும் இரண்டு முறை சிரிக்கச் சொல்லிவிட்டார்.

சர்க்கரை இறங்கினால், வயிற்றில் ஒட்டியிருக்கும் சென்சார் அதைக் காட்டிக்கொடுத்து என் மெஷின் முதலில் அதிரும். புடவைக்கு மேலேயே தடவி அமுக்கி அதை அடக்கினேன். சிறிது நேரத்தில் அது கத்த ஆரம்பித்தது. கீ, கீ, கீ என்று கூடம் முழுக்கக் கேட்கிற சத்தம்.

"யார்து போன்ப்பா அது? எடுங்க!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

பக்கத்தில் காத்திருந்த ஒரு பெரியம்மா என்னைப் பார்த்தார். "உங்கிட்ட தாம்மா அடிக்குது."

"என்னுது இல்ல" என்றேன்.

என் இடுப்பிலிருந்து சத்தம் வருகிறது, நான் என்னுடையது இல்லை என்கிறேன். பெரியம்மா நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தார். இன்னொருவர் என் பின்னால் இருந்த ஜன்னலைப் பார்த்தார். எனக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. எழுந்து வெளியே போய்விடலாம் என்று பார்த்தேன், முழங்கால் என் பேச்சைக் கேட்கவில்லை. அப்படியே சுவரில் சாய்ந்தேன்.

நாலைந்து பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "மயக்கமா? வாந்தி வருதா?" என்று கேட்டுக்கொண்டே பெரியம்மா என் முகத்தை நிமிர்த்தினார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அடி, நல்ல சேதியா! எத்தனை நாளாச்சு?"

மயங்கி விழுவதைவிட, உயிர் போவதைவிட அந்தக் கேள்விதான் எனக்குப் பயமாக இருந்தது. இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். நாக்கு புரளவில்லை.

கூட்டத்துக்கு நடுவே பார்த்தேன். பந்தியில் ஓரகத்தி எழுந்து நின்றாள். சாதத்தில் ரசம் ஊற்றிப் பிசைந்த கையோடு, பாதி இலையில். மாமியார் அவள் புடவையைப் பிடித்து இழுத்தார். அவள் நிற்கவில்லை. எங்கள் பக்கமே வராமல் வாசல் பக்கமாக ஓடினாள். போகிறாளே என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அந்த நிலைமையிலும் எனக்கு அவள் மேல் கோபம் வந்ததும் ஞாபகம் இருக்கிறது.

திரும்பி வந்தபோது அவள் இடது கையில் வரவேற்பு மேஜையில் இருந்த கல்கண்டுக் கிண்ணம். என் தாடையைப் பிடித்து ஒரு பிடியை வாயில் போட்டாள்.

"மெல்லுங்க்கா. கடிச்சு மெல்லுங்க. துப்பாதீங்க, இங்க தொட்டி இல்ல."

பிறகு நிமிர்ந்து, கூடத்துக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"நல்ல சேதியும் இல்ல, ஒண்ணும் இல்ல பெரிம்மா. அக்காவுக்கு சுகர் இறங்கிடுச்சு. கத்தறது போன் இல்ல, அவங்க இன்சுலின் மெஷின். கொஞ்சம் காத்து வுடுங்க."

ஒரு கன்னடக்கார அம்மா "ஏனாய்த்து?" என்று கேட்க, "ஷுகர் லோ ஆகிதே ஆன்ட்டி" என்று அவருக்கும் தனியாக அறிவித்தாள். ஆறு வருஷமாக நான் பொத்திப் பொத்தி வைத்ததை இரண்டு மொழியில் போட்டு உடைத்துவிட்டாள்.

கல்கண்டை மென்றுகொண்டே, எல்லாம் முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். "இந்த வயசுலயா, ஐயோ பாவம்" என்று ஒரு குரல். "எங்க வீட்டுக்காரருக்குக்கூட முன்னூறு" என்று இன்னொரு குரல். அதற்குள் பந்தியில் பாயசம் வந்துவிட்டது. அவரவர் இலைக்கும், அடுத்த பந்திக்கு நாற்காலி பிடிக்கவும் கலைந்து போய்விட்டார்கள். என் ரகசியத்துக்கு மொத்தமே இரண்டு நிமிஷ மரியாதைதான். தொட்டில் பேச்சைப் பிற்பாடு எங்காவது பேசியிருப்பார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் அன்றைக்கு அது என்னைத் தொட்டிருக்காது.

கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. அவள் தரையில், என் காலடியில் உட்கார்ந்திருந்தாள். ஒட்டியாணத்தின் கல்லில் ரசம் காய்ந்து ஒட்டியிருந்தது.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"உள்ள வரும்போது நீங்க அமுக்குனதைப் பாத்தேங்க்கா. அமுக்குனா சாப்புடணும்னு உங்க வீட்டு மாமா சொல்லியிருக்காரு. நீங்க எழுந்து போயிட்டீங்க. எதையாவது வாயில போடுவீங்க, போடுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். எனக்கு சாப்பாடே இறங்கல." கையில் காய்ந்த ரசத்தைச் சுரண்டிக்கொண்டே, "கூப்புட்டா திட்டுவீங்கன்னு வேற பயமா இருந்துச்சு" என்றாள்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் இலையில் எத்தனை வடை விழுகிறது என்று. அதே நேரத்தில் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், என் வாயில் ஏதாவது போகிறதா என்று.

அவள் விட்டுவந்த இலையை எடுத்துவிட்டார்கள். மாமியார் தன் இலையைப் பாதியில் மூடிவிட்டு வந்து, எங்கள் இருவருக்கும் அடுத்த பந்தியில் தானே இடம் பிடித்து வைத்தார். "ஒட்டியாணம் அமுக்குதுக்கா, தின்ன முடியல" என்று அவள் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டாள். பாதுஷாவில் ஆளுக்குப் பாதி.

அதற்குப் பிறகு பம்பை நான் மறைப்பதில்லை. புடவை கட்டினால் இடுப்பில் வெளியே தெரியும்படிதான் மாட்டிக்கொள்கிறேன். அதற்குத் தோதாக மடிப்பு வைத்துவிடுவது ஓரகத்திதான். ஒட்டியாணத்தை இன்னும் அவளே போடுகிறாள். பெட்டி திறக்கும்போது இன்னும் எனக்கு லேசாக எரியத்தான் செய்கிறது. பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய்.

ஆனால் இப்போது நான் அதிகமாகப் பொறாமைப்படுவது வேறொன்றுக்கு. அவளுக்கு அப்படி ஆகி, நான் இலையில் இருந்திருந்தால் எழுந்திருப்பேனா என்று என்னையே பலமுறை கேட்டுப் பார்த்திருக்கிறேன். அன்று காலையில் இருந்த மனசோடு என்றால், ரசத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். அந்தப் பந்தியில் நாங்கள் இருவருமே இலையை விட்டு எழுந்தோம். நான் எழுந்ததும் எனக்காகத்தான், அவள் எழுந்ததும் எனக்காகத்தான்.