வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு, ஒழுகும் ஸ்டியரிங்கோடு

யாழ்ப்பாணத்துக்கும் நுவரெலியாவுக்கும் கார் ஓட்டிப் போய் எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது வெறும் பதினொரு கிலோமீற்றரைப் பற்றி. போன மாதம் ஒரு சனிக்கிழமை, தம்பியின் கல்யாணத்துக்காகக் கொட்டாஞ்சேனைத் தேவாலயத்துக்குப் போனது. பெண் ஷெரின், கத்தோலிக்கப் பிள்ளை. பூசை பத்து மணிக்கு. தம்பி முன்பே போய்விட்டான்; தாலியும் கூறையும் என் காரில், அம்மாவின் மடியில்.

அம்மா அரை மனதோடுதான் சம்மதித்திருந்தார். ஷெரினின் அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தால் 'அந்த மனுசன்' என்பார், அவ்வளவுதான். காரில் ஏறும்போதே, "போற வழியில ஒரு தடை வந்தாலும் எனக்கு மனம் ஒப்பாது, சொல்லிப்போட்டன்" என்றார். எனக்கென்ன பயம்? வியாழக்கிழமைதான் 18,500 ரூபாய் கொடுத்துப் பவர் ஸ்டியரிங் ஹோஸ் மாற்றியிருந்தேன். இனி அந்தப் பக்கம் பார்க்கவே தேவையில்லை என்று கராஜ்காரர் மார்தட்டியிருந்தார்.

ராகுகாலத்துக்கு முன்பே, 8.45க்கு வெளிக்கிட்டோம். மெரைன் டிரைவில் காலை வெயிலும் கடற்காற்றும் அருமை. அது நேர்ப் பாதை, ஸ்டியரிங்குக்கு அங்கே பெரிய வேலையில்லை. கொள்ளுப்பிட்டியில் காலி வீதிக்குத் திருப்பும்போதுதான் ஆட்டுக்கல்லைச் சுற்றுவதுபோல் இருந்தது. பொனெட்டுக்குள் ஒரு முனகல் வேறு.

டயருக்குக் காற்றுப் பார்க்க வேண்டும் என்று அம்மாவிடம் புளுகிவிட்டு, 9.10க்குப் பெற்றோல் செட்டில் நிறுத்தினேன். அங்கே நின்ற பையன் குனிந்து பார்த்துவிட்டுச் சிங்களத்தில் உரத்த குரலில், "அக்கே, ஸ்டியரிங் தெல் யனவா!" என்றார். ஸ்டியரிங் எண்ணெய் போகிறதாம். உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். 1,900 ரூபாய்க்கு ஒரு போத்தல் எண்ணெய் வாங்கி, பாதியை ஊற்றிக்கொண்டு புறப்பட்டேன். கோட்டை தாண்டுவதற்குள் மறுபடி இறுகிவிட்டது. புறக்கோட்டை நெரிசலில் என் சாரி தொப்பலாக நனைந்தது. அம்மாவோ ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

தேவாலயத்துக்குத் திரும்பும் கடைசி முடக்கில், பாதியை அடைத்தபடி ஒரு ஓட்டோ. என்னால் ஸ்டியரிங்கை அசைக்கவே முடியவில்லை. அழுகை வந்துவிட்டது. அம்மா தாலிப் பெட்டியை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"இருபது வருசம் வெள்ளவத்தையில இருக்கிறன். பெற்றோல் செட்டில அவன் சொன்ன சிங்களம் எனக்கு விளங்காதே? இழு பிள்ளை!"

"தடை எண்டு சொன்னீங்களே, அம்மா?"

"கார் ஓடுதுதானே. கதையாமல் இழு!"

இரண்டு பேருமாக இழுத்துத் திருப்பினோம். 9.52க்கு வாசலில் நின்றோம். பத்து மணிப் பூசையில் தாலி மந்திரிக்கப்பட்டு, தம்பி கட்டியும் முடித்தான். நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். சந்தோஷத்தில்தான், கையும் கொஞ்சம் நொந்தது.

வெளியே வந்தால், காருக்குக் கீழே கிடந்த சிவப்பு எண்ணெயைச் சுற்றிக் கோட் சூட் போட்ட ஒரு கூட்டமே நின்றது. ஷெரினின் அப்பா துறைமுக வேர்க்ஷொப்பில் முப்பது வருடம் வேலை செய்தவர். டோர்ச் அடித்துப் பார்த்தார். "புது ஹோஸுக்குப் பழைய செப்பு வாஷரையே போட்டிருக்கிறாங்கள், மகள். ஒருக்கா நசிஞ்ச வாஷர் மறுபடி இறுகாது" என்றார். பக்கத்துத் தெருவிலிருந்த வீட்டுக்கு ஆள் அனுப்பி, சாமான் பெட்டியை எடுப்பித்துக் காருக்குக் கீழே குனிந்தார்.

அம்மா ஓடி வந்து டோர்ச்சை வாங்கிக்கொண்டார். "சம்பந்தி, கோட்டைக் கழட்டிப்போட்டுப் படுங்கோ. ஊத்தையாகப் போகுது!"

நானும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது: ஹோஸ் மாற்றினால் புது வாஷர் போட்டார்களா என்று கேளுங்கள். கராஜ் வாசலிலேயே இரண்டு பக்கமும் முழுதாக ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்து, நிலத்தில் சொட்டு விழுகிறதா என்று கவனியுங்கள். கீழே சொட்டத் தொடங்கினால் என்னைப்போல் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். சனிக்கிழமை என்றால் புறக்கோட்டைக்கு மட்டும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

திரும்பும்போது, அவர் போட்ட வேறு வாஷரோடும் மீதிப் பாதிப் போத்தல் எண்ணெயோடும் ஸ்டியரிங் வெண்ணெய்போல் சுழன்றது, வெள்ளவத்தைக்கு நாற்பதே நிமிடம். ஆனால் நான் தனியாகத்தான் வந்தேன். சம்பந்தி வீட்டில் இரண்டு நாள் நின்றுவிட்டுத்தான் வருவேன் என்று அம்மா சொல்லிவிட்டார்.