ரங்காத்தாளின் பதினாறு வாசல்கள்

ஒன்பது மாத வாடகை, மாதம் நூற்றைம்பது வீதம் ஆயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய், ரங்காத்தாளுக்கு நான் பாக்கி வைத்திருந்தேன். எண்பத்தாறாம் வருஷம் அது. ஆறே மாதத்தில் கட்டி முடித்தேன். இன்று எனக்குச் சொந்தமாகப் பதினொரு வாடகை வீடுகளும், இருபது மெஷின் ஓடும் பனியன் கம்பெனியும் இருக்கின்றன. படிப்பு நாலாம் வகுப்பு. எல்லாம் இந்தக் கையால் சம்பாதித்தது. ஆனாலும் வீடு வாடகைக்கு விடுகிற வித்தையில் அந்த அம்மாளின் கால்தூசிக்கு நான் ஆகமாட்டேன். நான் இன்னொருவரைப் புகழ்ந்ததை எங்கள் வீதியில் யாரும் கேட்டதில்லை. இப்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ராயபுரம் சந்தில் மஞ்சள் பையோடு அவர் வசூலுக்கு இறங்குவார். எதிரெதிராக எட்டும் எட்டும் பதினாறு ஓட்டு வீடுகள். எல்லா வீட்டுக்காரர்களும் ஒன்றாம் தேதி வாடகை கேட்டால், இவர் வாராவாரம் கால்வாசி வாங்குவார். ஐந்தாவது ஞாயிறு வந்தால் அன்றைக்கு வசூல் கிடையாது. நானும் ஐந்து வருஷம் ஒன்றாம் தேதி போய் நின்று தொண்டை கிழியக் கத்தியவன்தான். சனிக்கிழமை தோறும் தொழிலாளிக்குச் சம்பளம் போடுகிறவனே நான். வாரச் சம்பளக்காரன் கையில் மாதம் முடியும்போது ஒன்றும் இருக்காது என்று எனக்கே தோன்றவில்லை!

“ஏன் அம்மணி, ஏழு மணிக்கே போகோணுமா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அவிங்க கறிக்கடைக்குப் போயிட்டு வந்தப்பறம் நாம போனா எலும்புதானுங்ணா கெடைக்கும்” என்றார்.

வீடு பார்க்க வருகிறவர்களிடம் நாமெல்லாம் நல்லதைக் காட்டுவோம். அவர் குறையைத்தான் காட்டுவார். “இந்தச் செவுரு மழைக்கு ஓதம் வாங்குமுங்க. மத்தியானம் ஓடு கொதிக்கும். போர்த் தண்ணி உப்பு, தலைக்கு ஊத்துனா முடி கொட்டும். எல்லாம் இப்பவே பாத்துக்கங்க” என்பார். பார்த்துவிட்டு ஓடிப்போனவர்களும் உண்டு. குடிவந்தவர்கள் ஒருநாளும் அவரிடம் சண்டைக்கு வந்ததில்லை.

ஒன்பது நாளைக்கு ஒருமுறை குழாயில் நல்ல தண்ணீர் வரும். வீட்டுக்கு எட்டுக் குடம். சந்தின் கோடியில்தான் அவர் வீடு. அவருடைய குடம் வரிசையில் கடைசி. சில நாள் அவருடைய ஏழாவது குடத்தோடு குழாய் காற்று விடும். “ஊட்டுக்காரி மொதல்ல புடிச்சுட்டா, மத்தவிங்களுக்கு நாயம் சொல்ல வாய் வருமுங்களா?” என்று கேட்டுவிட்டு வெறுங்குடத்தைத் தூக்கிக்கொண்டு போவார். என் வீடுகளில் தண்ணீர் மோட்டார் சுவிட்சே என் படுக்கையறைக்குள் இருக்கிறது. என்ன சொல்ல!

அவர் யாரென்று எனக்கு முழுசாகப் புரிந்தது 2009இல்.

ஆர்டர் குறைந்து, என் கம்பெனியிலேயே பாதி மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டேன். வேலை போனவர்களில் அந்தோணிராஜும் ஒருவன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், ஓவர்லாக் தையலில் நல்ல கை. ரங்காத்தாளின் ஒன்பதாம் நம்பர் வீட்டைக் காலி செய்துவிட்டு, வாடகை குறைவான அவிநாசிபாளையத்துக்குக் குடும்பத்தோடு கிளம்பினான். பத்தாயிரம் ரூபாய் அட்வான்ஸ் திரும்ப வரவேண்டும். அதை வாங்கி, கூட்டாளியோடு சேர்ந்து பழைய மெஷின் ஒன்று எடுப்பது அவன் திட்டம்.

“நீங்க ஒரு வார்த்த சொன்னா அக்கா உடனே குடுத்துரும் முதலாளி” என்று என்னை அழைத்துப் போனான். என் சொல்லுக்கு ராயபுரத்தில் மதிப்பு உண்டு. போனேன்.

வீட்டு முன்னால் டெம்போ நின்றது. அவன் மனைவி விஜயராணி குழாயடியில் உட்கார்ந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அம்மணி, இவங்கையில பணத்தக் குடுத்து அனுப்பு. நான் சொல்றேன்” என்றேன்.

ரங்காத்தாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். “நீங்க கம்பெனிக்கு மொதலாளிங்ணா. இந்தப் பணத்துக்கு மொதலாளி அங்க பாத்திரம் கழுவிட்டு இருக்குது.”

அந்தோணிராஜுக்குக் கோபம் வந்துவிட்டது. “பத்திரத்துல எம் பேருல்லா இருக்கு!”

“பத்திரம் ஊட்டுக்குங்க. பணத்துக்கு இதுதான்” என்று மஞ்சள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் பிரித்து என்னிடம் நீட்டினார். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். ஒன்பதாம் நம்பர் என்று போட்டு, அதன் கீழே, ‘விஜயராணி. கம்மலும் செயினும் அடகு வைத்த பணம்’ என்று இருந்தது. பக்கத்தைத் திருப்பினேன். பதினாறு வீட்டுக்கும் அப்படியே. யார் பணம், எதை விற்று, எதை வைத்து வந்த பணம் என்று ஒவ்வொன்றாக எழுதியிருந்தார். பதினொரு வீட்டு அட்வான்ஸ் வாங்கியவன் நான். எத்தனை கம்மல் என் வீட்டுச் சுவருக்குள் போனதோ, ஒருத்தியையும் நான் கேட்டதில்லை. நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தேன்.

“மெஷின் எடுத்தாத்தான நாளைக்குச் சோறு?” என்றான் அந்தோணிராஜ். குரல் இறங்கியிருந்தது.

குழாயடியிலிருந்து விஜயராணி முதல் முறையாகப் பேசினாள். “திங்கக்கெழம ஏலத்துல விட்டுருவேன்னு அடகுக் கடைக்காரன் சொல்லிட்டான்லா. அம்மா போட்டுவிட்ட கம்மல். அது போச்சுன்னா திரும்ப வருமா?”

“மெஷினுக்கு வேணும்னா அவிங்ககிட்டக் கேளுங்க சாமி. அவிங்க குடுத்தா வாங்கிக்கங்க” என்றார் ரங்காத்தாள். பிறகு குழாயடியைப் பார்த்து, “வா கண்ணு” என்றார்.

விஜயராணி வந்தாள். மஞ்சள் பையிலிருந்து, ஒன்பது என்று எழுதிய சின்னத் துணிப்பை வெளியே வந்தது. அதிலிருந்த ரூபாய் நோட்டுகள் ரப்பர் பேண்டு ஒட்டிப்போகிற அளவுக்குப் பழையவை; வாங்கிய நாளில் வைத்தது, தொடவே இல்லை.

“அரை மாச வாடகை ஐந்நூத்தம்பது, கரண்டு நூத்திநாப்பது. அது எம்பட பணம், கழிச்சுக்கறன்” என்றார்.

“அரை மாசந்தானக்கா, விட்டுருங்களேன்” என்றான் அந்தோணிராஜ்.

“உடமாட்டனுங்க.”

விஜயராணி ஈரக்கையைச் சேலையில் துடைத்து நீட்டினாள். ரங்காத்தாள் நூறு நூறாக, வாய்விட்டுச் சொல்லி, அந்தக் கையில் வைத்தார். டெம்போக்காரன் ஹாரன் அடித்தான். அவர் எண்ணிக்கையை நிறுத்தவில்லை. ஒன்பதாயிரத்து முந்நூறு வந்ததும் ஒரு பத்து ரூபாய்த் தாளை நீவி, மடிப்பெடுத்து, எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். அந்தோணிராஜின் பார்வை அந்தப் பணத்தின் மேலேயே இருந்தது. எண்ணி முடித்த பிறகும் விஜயராணியின் உள்ளங்கை மூடாமல் விரிந்தே இருந்தது.